வண்ணப் பாயிரம்

நூலின் முகப்பில் நிற்கும் உரையைப் பாயிரம் என்பர் நம் முன்னோர். நூன்முகம், அணிந்துரை, புனைந்துரை முதலாகப் பல பெயர்களும் அதற்கு வழங்கினர். நூலின் இயல்பை அறிவித்து, உள்ளே செல்லும் விருப்பத்தை எழுப்புதலே அதன் தொழில். ஏட்டுச்சுவடியில் சொல்லால் நிகழ்ந்த அப்பணியை அச்சு நூலில் அட்டை ஓவியமும் மேற்கொண்டது. ஆதலின் அட்டைப்படத்தை வண்ணத்தால் எழுதிய பாயிரம் எனல் பொருந்தும்.

வரலாற்றுக் கதைக்கு அட்டை தீட்டுவோன் பழைய கோட்டையையும் குதிரையையும் கண்டு வரையலாம். அறிவியல் புனைகதைக்குத் தீட்டுவோன் நிலை அத்தகையதன்று. அவன் வரையவேண்டிய கோளில் எவரும் கால் வைத்ததில்லை. அவன் வரையவேண்டிய ஊர்தி எங்கும் ஓடியதில்லை. இல்லாததை உள்ளது போலக் காட்டவேண்டும், காண்போனும் நம்பவேண்டும். இவ்வரிய தொழிலுக்கு ஏற்ற பயிற்சிக்களம் ஒன்று வானம் பார்த்த பூமியில் அமைந்தது. அதுவே விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி.

1922ஆம் ஆண்டில் அவ்வூரினராகிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். தீப்பெட்டி பெருகவே, அதன்மேல் ஒட்டும் லேபிளின் தேவையும் பெருகிற்று. லேபிளை அச்சிட அச்சகங்கள் எழுந்தன. பட்டாசுத் தொழிலோடு அவை மேலும் வளர்ந்தன. எழுத்தறியாதார் மிக்கிருந்த அக்காலத்தில் பெட்டியின் பெயரைப் படித்து வாங்கினோர் சிலரே; மானையோ சேவலையோ கப்பலையோ கண்டு வாங்கினோரே பலர். இரண்டு விரல் அகலத் தாளில், கடைக்கு வெளியே நிற்பவனும் அடையாளம் காணுமாறு ஓர் உருவத்தை நிறுத்துதல் எளிதன்று. அதனைச் சிறு கலை என்று இகழ்வார் ஒருமுறை வரைந்து பார்ப்பாராக.

இவ்வூரிலிருந்தே 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் என்னும் படக்கதை வெளியீடு தோன்றியது. அதன் முதல் நூல் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் தொடங்கிய கதையின் தமிழாக்கம் அது. கதைத்தலைவன் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக இரும்புக்கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறைவதில்லை.

மாணவர்களே, இக்கதைக்கு அட்டை தீட்டுவோனது இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். தலைவனை வரைந்தால் மாயம் இல்லை; வரையாதுவிட்டால் தலைவனே இல்லை. ஆயின் அக்கை இருக்கின்றது. அந்தரத்தில் நின்று தாழ்ப்பாளைத் திறக்கும் கை ஒன்று, அதனைக் கண்டு வெருவி நிற்கும் காவலன் முகம் ஒன்று. இவ்விரண்டும் போதும், இடையிலுள்ள வெறுவெளி மனிதனாகிவிடும். எஞ்சியதைக் காண்போன் கண்ணே வரைந்துகொள்ளும்.

இதன் இலக்கணம் நமக்குப் புதிதன்று. அணிநூலார் இல்பொருளுவமை என்று ஒன்று கூறுவர். ‘பொன்மலை நடந்தாற்போல’ என்றால், நடக்கும் பொன்மலை உலகில் இல்லை. ஆயினும் பொன் உண்டு, மலை உண்டு, நடத்தலும் உண்டு. உள்ளவை மூன்றும் கூடி இல்லாத ஒன்றை ஈன்றன. கோயில் தூண்களில் நிற்கும் யாளியும் அத்தகையதே. சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் மெய். கூட்டிய உருவமே புனைவு. உறுப்புக்களும் பொய்யாயின் அது யாளியாகாது, கிறுக்கலாகும்.

கடல் கடந்த நாட்டிலும் இவ்விலக்கணமே ஆட்சி செய்தது. அமெரிக்காவில் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் அறிவியல் புனைகதை இதழ் தொடங்கியது. வெர்ன், வெல்ஸ், போ முதலியோரின் முன்பே வெளிவந்த கதைகளைத் திரட்டித் தந்தமையின், அதன் முதல் இதழைத் தொகைநூல் என்றே கொள்ளலாம். தொகைக்கு அட்டை தீட்டுதல் இரட்டிப்புத் தொல்லை. குறுந்தொகை முழுமைக்கும் ஒரே படம் தீட்டுக என்றால் நாம் திகையோமோ? கட்டடக்கலை பயின்ற பிராங்க் ஆர். பால் என்னும் ஓவியர் வெர்னின் கதையொன்றை எடுத்துக்கொண்டார். பனிப்பரப்பில் மனிதர் சறுக்கி விளையாடுகின்றனர். பனிக்குன்றின்மேல் பாய்க்கப்பல் ஏறி நிற்கின்றது. வானத்தில் வளையத்தோடு சனிக்கோள் பெரிதாகத் தோன்றுகின்றது. பனியும் கப்பலும் அந்நாட்டார் அறிந்தவை. சனியின் வளையம் தொலைநோக்கி காட்டியது. மூன்றையும் ஒருங்கு கண்டார்தாம் எவருமில்லை. ஒரு கதையின் காட்சியாயினும், தொகை முழுமைக்கும் உரிய வியப்பு அதில் நிறைந்தது.

இத்தகைய ஓவியனுக்கு அறிவியல் நூலறிவும் வேண்டும். காற்றில்லாத நிலவில் நின்றால் பகலிலும் வானம் கருமையே. அங்கே நீலவானம் தீட்டுவோன் கதையாசிரியனுக்குத் தீங்கு செய்கின்றான். ஆயினும் அறிவு வளர்வது. சனியின் துணைக்கோளாகிய டைட்டனிலிருந்து சனி தோன்றும் காட்சியைச் செஸ்லி போன்ஸ்டெல் என்பார் 1944இல் ‘லைஃப்’ இதழில் தீட்டினார். அதில் வானம் நீலம். 2005 சனவரியில் ஹைகன்ஸ் என்னும் கலம் டைட்டனில் இறங்கியபோது தெரிந்ததோ செம்மஞ்சள் மூட்டம். தம் காலத்து அறிவுக்கேற்ப வரைந்த போன்ஸ்டெல்லைக் குறை கூறலாகாது. இன்று அதே நீலத்தைத் தீட்டுவோனைக் கூறலாம்.

ஒரு குறை என் நெஞ்சை உறுத்துகின்றது. கதை எழுதினோர் பெயர் அட்டையில் பெரிதாக நிற்கும். அவ்வட்டையைத் தீட்டினோர் பெயரை உள்ளேயும் காணல் அரிது. லயன், முத்து காமிக்ஸ் அட்டைகள் பலவற்றைத் தீட்டிய மாலையப்பன் போன்றார் சிலரையே வாசகர் பெயரால் அறிவர். லேபிள் தீட்டிய பலர் பெயரின்றியே மறைந்தனர். இது முறையன்று.

வரைந்து முடித்த ஓவியம் அச்சகத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு கூறாகப் பிரிக்கப்பெறும். ஒவ்வொன்றுக்கும் தனித்தகடு உண்டு. ஒரு நிறத்தின்மேல் மற்றொன்று மயிரிழையும் பிறழாது விழவேண்டும். பிறழ்ந்தால் விண்கலத்துக்கு இரண்டு விளிம்பு தோன்றும். கறுப்பு மையை மட்டும் இட்டால் விண்வெளி சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தோன்றும். ஆகவே அதன் அடியில் நீலத்தையும் பரப்புவர். உருப்பெருக்காடி ஒன்று கிடைத்தால் வண்ண அட்டை எதனையேனும் நோக்குங்கள். விண்மீன்களுக்கிடையே கருமை என்று நாம் கண்ட வானத்தின் ஓரத்தில், நீலப் புள்ளிகள் நெருங்கி நிற்பதைக் காணலாம்.