தேவநகரில் பாவைப்பாட்டு

ஒரு நகரத்தை அறிய விரும்புவோன் முதற்கண் அதன் பெயரை அறிதல் வேண்டும். உலகோர் பாங்காக் என வழங்கும் பெருநகரை அந்நாட்டார் அப்பெயரால் அழைப்பதில்லை; ‘குருங் தேப்’ என்றே கூறுகின்றனர். தேப் என்பது தேவ என்னும் வடசொல்லின் திரிபு. தேவநகரம் என்பது பொருள். இதுவும் சுருக்கமே. முழுப்பெயரையும் எழுதப் புகின் இப்பக்கத்தில் நான்கு வரி கொள்ளும். மகாநகரம், அமர, அயுத்தியா, நவரத்தினம், இராசதானி, விமானம், அவதாரம் எனத் தமிழ் மாணவர்க்குப் புதியனவல்லாத சொற்கள் அதனுள் மாலையிற் பூவேபோல் நிரல்பட நிற்கின்றன. இந்திரன் ஏவ விசுவகர்மன் சமைத்த நகர் என்று அப்பெயர் முடிகின்றது. உலகத்து ஊர்ப்பெயர்களுள் இதுவே மிக நீண்டது என்பர்.

பெயரிலே அயுத்தியா வந்தமைக்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் சயாம் என்று அறிந்ததும், 1939-ஆம் ஆண்டில் தாய்லாந்து எனப் பெயர் மாறியதுமாகிய அந்நாட்டின் பழைய தலைநகர் அயுத்தியா. அயோத்தி என்பதன் மரூஉ அது. 1767-ஆம் ஆண்டில் பர்மியர் படை அதனை எரித்து அழித்தது. பதினைந்து ஆண்டுகள் தோன்புரியில் அரசு நடைபெற்றபின், 1782-இல், பிற்காலத்தார் முதலாம் இராமன் என எண்ணிட்டு வழங்கும் மன்னன் சாவ் பிரயா ஆற்றின் கீழ்க்கரையில் புதுநகர் கண்டான். மன்னன் பெயர் இராமன். இழந்த ஊர் அயோத்தி. நாட்டின் சமயமோ பௌத்தம். இம்மூன்றையும் ஒருங்கே மனத்திற் கொள்ளாது அந்நகரத்துட் புகுவோர், பொன்னையும் வண்ணக் கண்ணாடியையும் கண்டு வியந்து மீள்வரேயன்றி, ஒன்றும் கற்று மீளார்.

கோயில்கள் நூற்றுக்கணக்கின. அனைத்தையும் காணுதல் இயலாது; காணவும் வேண்டா. வாட் போ என்னும் கோயிலில் நாற்பத்தாறு மீட்டர் நீளத்திற் பள்ளிகொண்ட புத்தர் உருவின் உள்ளங்கால்களில், கிளிஞ்சிலை இழைத்து அமைத்த நூற்றெட்டு மங்கலக் குறிகள் உள. மேல்கரையில் வாட் அருண். வைகறைத் தேரோட்டியாகிய அருணன் பெயர் பூண்ட அக்கோபுரம், சேய்மையிற் பளிங்குபோல் ஒளிர்கின்றது; அணுகி நோக்கினால் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளே பூவாகவும் இலையாகவும் பதிக்கப்பெற்றிருத்தல் புலனாம். உடைந்த கிண்ணங்கொண்டு கோபுரம் சமைத்த அச்சிற்பியரை யான் பொன் வேய்ந்தோரினும் மேலாக மதிக்கின்றேன்.

அரண்மனைக் கோயிலாகிய வாட் பிரா கேவ் என்பதில் மரகத புத்தர் வீற்றிருக்கின்றார். பெயர் மரகதமாயினும் கல் வேறொரு பச்சைக்கல். உயரம் இரண்டு அடிக்குச் சிறிதே மேற்படும். 1779-இல் லாவோஸ் நாட்டு வியந்தியான் நகரினின்று போரில் வென்று கொணரப்பட்டது. வேனில், மழை, குளிர் என்னும் மூன்று பருவத்தும் அரசரே ஆடை மாற்றும் பெருமையுடையது. ஆயின் தமிழ் மாணவன் அங்கே நெடும்போது நிற்கவேண்டிய இடம் அக்கோயிலைச் சூழ்ந்த திருச்சுற்றேயாம். நூற்றெழுபத்தெட்டுப் பகுதிகளாக இராமகாதை முழுவதும் அச்சுவரில் எழுதப்பட்டுள்ளது. அவர்கள் அதனை இராமகியன் என்பர். முதலாம் இராமன் தன் அவைப்புலவரோடு இயற்றுவித்த காப்பியம் அது.

கம்பனைக் கற்றுச் செல்வோர்க்கு அச்சுவர் பெரிதோர் அதிர்ச்சியைத் தரும். இராவணன் அங்கே தொத்சகன். தசகண்டன் என்பதன் சிதைவு. சீதை அவன் பெற்ற மகள். அவன் உயிர் உடலில் இல்லை. பேழையுள் வைத்துத் தன் ஆசானிடம் காக்கத் தந்துள்ளான். எல்லாவற்றினும் வியப்பு அனுமனே. நாம் அறிந்த நெறிநின்ற பிரமசாரி அங்கே இல்லை. கடலில் அணை கட்டுங்கால் கற்களை அகற்ற வந்த மீன்மகளை, இராவணன் புதல்வியை, அவன் காதலித்து மகனையும் பெறுகின்றான். இதனைக் கேட்டு வெகுள்வோர் உளர். வெகுளுதற்கு யாதுளது? கதை கடல் கடந்து செல்லுங்கால் ஆங்குள்ளார் விரும்பியவாறு வளருமன்றோ! மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய சிங்காரவேலு அவர்கள் வடமொழி, தமிழ், தாய், மலாய் ஆகிய நால்வகை இராமகாதைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார்கள். நம் வகுப்பினர் அவ்வழியிற் செல்லின் கம்பனையே புதுக்கண்கொண்டு காண்பர்.

கோயிலினின்று வெளிப்போந்தால் வீதி முழுதும் அடுக்களை. தாய்மொழியில் உண்ணுதலைக் குறிக்க ‘கின் காவ்’ என்பர். சோறு உண்ணுதல் என்பதே நேர்பொருள். ஒருவரை ஒருவர் காணும்போது உண்டாயிற்றா என்று வினவுவதும் நம் ஊர் வழக்கே. யான் தங்கிய சின்னாட்களில் மாலைதோறும் ஒரு கிழவியின் அடுப்பருகே நின்றேன். குழிகள் நிறைந்த வார்ப்பிரும்புக் கல்லில் அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் வார்த்து, வெந்தபின் இரண்டிரண்டாகச் சேர்த்து விற்பாள். கனோம் குரோக் என்று பெயர். நம் வீட்டுப் பணியாரக் கல்லை அறிந்தோர்க்குப் பெயர் வேண்டுவதில்லை. இடியாப்பம்போல் மாவைத் துளைவழிப் பிழிந்து, ஆனால் ஆவியில் வேகவையாது கொதிநீரில் இட்டு எடுக்கும் கனோம் சீன் என்பதும் உண்டு. பச்சைப் பப்பாளியைச் சீவி, மிளகாய், எலுமிச்சை, மீனைப் புளிக்கவைத்து வடித்த நீர் ஆகியன கூட்டி உரலில் இடித்துத் தரும் சோம் தாம், வடகிழக்கு மாநிலத்தினின்று பிழைப்புநாடி வந்த உழைப்பாளரோடு நகர்க்கு வந்தது. யாவராட் வீதியிலோ தென்சீனத்துத் தியோச்சூ மக்களின் நூடில்ஸ் கடைகள் நள்ளிரவிலும் அவியா.

இவ்வுணவுகளுட் சில மேலைநாட்டினின்று வந்தவை. மிளகாயைப் போர்ச்சுகீசியர் நமக்குக் கொணர்ந்தவாறே அவர்க்கும் கொணர்ந்தனர். முட்டையின் மஞ்சட்கருவைச் சர்க்கரைப் பாகில் நூலாக ஓடவிடும் இனிப்பு, அயுத்தியா அரண்மனையிற் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மரியா கியோமார் என்னும் கிறிஸ்தவப் பெருமாட்டியால் வந்தது என்பர். ஆற்றின் மேல்கரையில், சாந்தாக் குரூஸ் தேவாலயத்தைச் சூழ்ந்த குடி சீன் என்னும் சேரியில் போர்ச்சுகீசிய மரபினர் இன்றும் ஒருவகை அப்பம் சுடுகின்றனர்.

2017-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றையும் ஈண்டுக் கூறவேண்டும். அவ்வாண்டு ஏப்பிரலில் நகராட்சியார் நடைபாதை வணிகரை அகற்றப்போவதாக அறிவித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மேனாட்டு உணவு வழிகாட்டி ஒன்று, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து கரியடுப்பின்முன் நின்று நண்டு அடை சுடும் முதியாள் ஒருவரது கடைக்கு நட்சத்திரம் அளித்துச் சிறப்பித்தது. அயலார் வியந்து எழுதிய பின்னரே பல நகரங்கள் தம் ஏழைகளின் கைத்திறனைக் கண்ணெடுத்துப் பார்க்கின்றன. நடைபாதை நடப்போர்க்கும் வேண்டுமே என்பாரை யான் மறுக்கவில்லை. எனினும் பணியாரக் கிழவிக்கு வேறு இடம் காட்டாது எழுப்புதல் நீதியாகாது.

இனி, இக்கட்டுரைக்குப் பெயர் தந்த பொருளுக்கு வருவாம். பழைய நகரின் நடுவே செந்நிறந் தீட்டிய இரு நெடிய தேக்குத் தூண்கள், மேலே குறுக்குவிட்டம் பூண்டு, உயர்ந்து நிற்கின்றன. சாவ் சிங்சா, அஃதாவது ஊசற்றூண் என்பது அதன் பெயர். 1784-இல் முதலில் நாட்டப்பெற்று, 1920-இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறி, 2007-இல் புதுமரத்தாற் புதுக்கப்பட்டது. பண்டு ஆண்டுதோறும் நால்வர் ஒரு பலகையில் நின்று உந்தி ஆடி, எதிரே மூங்கில் நுனியிற் கட்டிய பொற்கிழியைப் பல்லாற் கவ்வுவர். சிவபெருமானாக வேடம் பூண்ட பிரபு ஒருவர் ஆட்டம் முடியுமளவும் ஒற்றைக்காலில் நிற்பார். 1935-ஆம் ஆண்டோடு ஊசல் நின்றது. ஆனால் அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் கோயிலில் வழிபாடு நிற்கவில்லை. சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோர்க்குத் தனித்தனிக் கருவறையுடைய அக்கோயிலின் அந்தணர் அரண்மனைப் புரோகிதர்; தம் முன்னோர் இராமேசுவரத்தினின்று வந்தோர் என்பது அவர்தம் மரபுரை.

அவ்விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் நம் நூற்பெயர்களே அவை என்பது சொல்லாமலே விளங்கும். தனிநாயகம் அடிகள் தம் கட்டுரைகளில் இதனைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். பாங்காக்கிலுள்ள கிரந்த எழுத்து ஏடுகளை இலண்டன் தமிழறிஞர் மார் ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டார். பெயரொற்றுமையினும் வலிய சான்று நாளொற்றுமை என்பது என் கருத்து. டிசம்பர், ஜனவரித் திங்களில், வளர்பிறை ஏழாம் நாள் தொடங்கிச் சிவனுக்குப் பத்து நாளும், பின் திருமாலுக்கு ஐந்து நாளும் அவ்விழா நிகழும். நம் நாட்டிலும் மார்கழித் திருவாதிரைக்கு முன் பத்து நாளே திருவெம்பாவை ஓதுவர். பெயர் தற்செயலாய் ஒத்தல் கூடும். பெயரும் பருவமும் பத்து நாளும் ஒருங்கே ஒத்தல் அரிது.

இனி மேடைகளிற் சிலர், ‘சயாம் மன்னர் தமிழ்ப் பாட்டாலே முடி சூடுகின்றார், ஆங்கே தமிழ் ஆளுகின்றது’ என்று முழங்கக் கேட்டுளோம். 1950-இலும் 2019-இலும் நிகழ்ந்த முடிசூட்டு விழாக்களில் அவ்வந்தணர் பங்குகொண்டது மெய். ஆயின் ஓதுவோர் தமிழ் அறியார். ஒலி பல நூற்றாண்டாகத் திரிந்து, கேட்கும் தமிழரும் எளிதில் அடையாளங் காணவொண்ணாத நிலையை எய்திவிட்டது. கேட்கும் தாய்லாந்து மக்களுக்கு அது பாட்டன்று, மந்திரம். பொருளறிந்து போற்றப்படாத மொழியை ஆளும்மொழி என்பது எவ்வாறு பொருந்தும்? மிகைப்படுத்திக் கூறுவோர் உண்மையான வியப்பை நம் கண்ணினின்று மறைத்துவிடுகின்றனர். பொருள் அறியாத போதும் ஒரு சொல்லையும் விடலாகாது என்று தந்தை மகனுக்கும் மகன் பேரனுக்கும் ஓதுவித்த அந்நெஞ்சுறுதியே வியத்தற்குரியது.

மற்றொன்றும் எனக்குத் தோன்றுகின்றது. அவ்விழாவின் முதற்சடங்கு கைலாய வாயில் திறத்தல் எனப்படும். திருவெம்பாவையிலோ உறங்கும் தோழியின் வாயிலில் நின்று பெண்கள் அவளை எழுப்புகின்றனர். தோழியின் கதவே அங்கே இறைவன் கதவாயிற்றோ? நூலிற் பிறிதோரிடத்தே வரும் திருப்பொன்னூசல் அவ்வூசற்றூணோடு உறவுடையதோ? ஊசலுக்கு அவர்கள் கூறும் கதை வேறு. உலகின் உறுதியைச் சோதிக்கச் சிவன் ஒற்றைக்காலில் நிற்க நாகங்கள் ஆட்டின என்பது அது. ஆகலின் இவை ஊகமேயன்றித் துணிபல்ல.

சீலோம் வீதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குடியேறிய தமிழர் எடுத்த மாரியம்மன் கோயில் உளது. மக்கள் அதனை வாட் கேக் என்பர். கேக் என்பது இந்தியரையும் மலாய்க்காரரையும் குறிப்பதோடு விருந்தினர் என்றும் பொருள்படும். தாய்லாந்துப் பௌத்தரும் அங்கே மலர்மாலையோடு வரிசையில் நிற்கின்றனர். அவ்விடத்துத் தமிழ் இன்றைய தமிழ். ஊசற்றூண் அருகே ஒலிப்பது யாரும் பேசாத தமிழ். இரண்டிற்கும் இடையே சில கல் தொலைவுதான். காணச் செல்வோர் டிசம்பர், ஜனவரித் திங்களிற் செல்க. திருவெம்பாவையை மனனஞ் செய்துகொண்டு செல்க. தேவஸ்தானத்தைச் சார்ந்த வீதியில் புத்தர் படிமங்களும் துறவியர் கலங்களும் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. அவற்றைக் கடந்தால் வெண்சுதை பூசிய சிறிய கோயில் தெரியும்.