பாட்டனாரும் டிரான்சிஸ்டரும்

முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த தலமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது திருத்தணி. சென்னைக்கு வடமேற்கே சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள இவ்வூர், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஒரு வீட்டில் தமிழ்ச் செய்தியும் அடுத்த வீட்டில் தெலுங்குப் பாட்டும் ஒலித்தல் இவ்வூர்த் தெருக்களுக்கு இயல்பே.

அவ்விணைப்பு நிகழ்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், மலையடிவாரத்தில் முதியவர் ஒருவர் வாழ்ந்து வந்தார். மலைக்கோயிலின் 365 படிகளையும் ஏறும் வலிமை அவர் கால்களுக்கு இல்லை, செவிப்புலனும் மங்கியிருந்தது. மாலைச் செய்தி ஒன்றே அவருக்கு உலகத்தோடிருந்த உறவு. பள்ளி மாணவனாகிய பெயரன், தன் கையாலேயே டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை அவருக்கெனச் செய்து கொடுத்தான். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-இல் ஜெர்மேனியக் குறைகடத்திகளைச் செய்யத் தொடங்கியிருந்தமையின், அத்தகைய உறுப்புகள் எளியோர் கைக்கும் எட்டலாயின.

சில வாரங்கள் சென்றன. ஒலி குன்றியது, குமிழைத் திருகி உயர்த்தினாலோ சொற்கள் பிளந்து கரகரத்தன. “செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டதோ?” என்று வினவினார் பாட்டனார். சிறுவனுக்கு நாணமாயிற்று. மின்கலங்களை மீட்டரால் அளந்தான். ஏறத்தாழ 9 வோல்ட் காட்டியது. ‘கலங்கள் நன்றாகவே உள்ளன, குறை ஸ்பீக்கரில்தான்’ எனத் துணிந்து, 8 ஓம் ஸ்பீக்கரை நீக்கி, 4 ஓம் ஸ்பீக்கரைப் பொருத்தினான். ஒலி சற்றே உயர்ந்தது. சிறிது பொழுதில் தீய்ந்த நாற்றம் எழுந்தது. வானொலி வாய் மூடியது.

மறுநாள் வானொலி பழுதுபார்க்கும் பெரியவரிடம் ஓடினான்.

“தம்பி, கலங்களை எப்போது அளந்தாய்?” என்றார் அவர்.

“வானொலியை நிறுத்திவைத்து அளந்தேன், ஐயா.”

“உறங்குகின்ற மாட்டைப் பார்த்து அதன் இழுவையை அறியலாகுமோ? உரக்கப் பாடும்போதன்றோ அளக்க வேண்டும்!”

பழைய கலங்களை வேறொரு பெட்டியில் இணைத்து ஒலியை உயர்த்திக் காட்டினார். முள் 6 வோல்ட்டுக்கு இறங்கிற்று. தேய்ந்த கலத்தின் உட்தடை மிகுமாதலின், மிகுந்த மின்னோட்டம் செல்லுங்கால் அழுத்தம் தாழ்ந்துவிடுகிறது.

1947-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் தோன்றிய டிரான்சிஸ்டர், ஆற்றலைத் தானே ஆக்குவதில்லை. அது மதகு போன்றது. ஏரியில் உள்ள நீரையே அது திறந்துவிடும். இரட்டை டிரான்சிஸ்டர் பெருக்கியில் ஸ்பீக்கருக்குக் கிட்டும் அலையின் உயரம் கலத்தின் அழுத்தத்தில் பாதிக்கு மேற்படாது. 9 வோல்ட்டும் 8 ஓமும் உள்ளவிடத்துக் கணக்கின்படி மிகுதியாகக் கிட்டக்கூடியது 1.27 வாட்; இழப்புகள் போக இன்னும் குறையும். அழுத்தம் 6 வோல்ட்டாயின் 0.56 வாட்டே எஞ்சும். அதற்கு மேல் குமிழைத் திருகினால் அலையின் உச்சி வெட்டுண்டு போகும். கரகரப்பு அதன் விளைவே.

“4 ஓம் இணைத்தால் திறன் இரட்டிக்கும் அன்றோ?” என்றான் சிறுவன்.

“கணக்கில் இரட்டிக்கும், மின்னோட்டமும் இரட்டிக்கும். நல்ல கலமாயின் உச்சத்தில் 1 ஆம்பியரைத் தாண்டும். உன் ஏசி 128-இன் எல்லையே 1 ஆம்பியர்தான். தளர்ந்த கலத்திலும் வெப்பம் மிகும். ஜெர்மேனியம் சூடேறச் சூடேறக் கசிவோட்டம் வளரும். அது மேலும் சூட்டை வளர்க்கும். அலுமினியத் தகடும் நீ மாட்டவில்லை. இத்தனைக்கும், திறன் இரட்டித்தால் செவிக்கு ஒலி இரட்டிப்பதில்லை; சிறிதே உயர்ந்ததாகத் தோன்றும்.”

பெரியவர் ஒத்த இணையான புதிய டிரான்சிஸ்டர்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தகடு மாட்டினார். ஓசையின்றி இருக்கும்போது அவற்றில் செல்லும் சிறு மின்னோட்டத்தையும் சரிசெய்தார். அது மிகக் குறைந்தால் மெல்லிய பேச்சும் பிசிறடிக்கும். பழைய 8 ஓம் அளவிலேயே, விட்டம் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை மரப்பெட்டியில் பொருத்தித் தந்தார். கூலியாக அவர் கேட்டது டிரான்சிஸ்டர்களின் விலை மட்டுமே.

அன்று மாலை ஆறு புதிய டார்ச் கலங்களோடு செய்தி தொடங்கியது. திண்ணையில் இருந்த பாட்டனார் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, “சற்றுக் குறைத்து வை, அப்பா, பக்கத்து வீட்டில் குழந்தை உறங்குகிறது” என்றார்.