உயர்கல்விச் சமவாய்ப்பும் தகுதி வரையறையும்: பேரணாம்பட்டுத் தோல் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47.0 விழுக்காடு, இந்திய அளவில் அது 28.4 விழுக்காடு. இவ்வுயர்ந்த சராசரி, கல்லூரிக்கு வெளியே நிற்போர் யாவர் என்பதைக் காட்டுவதில்லை. அவர்களைக் கண்டறிவதே சமவாய்ப்பை நோக்கிய கொள்கை ஆய்வின் முதற்பணியாகும். ஒரு திட்டத்தின் தகுதி வரையறை, உதவி தேவைப்படுவோரை உண்மையில் உள்ளடக்குகிறதா என்பதைப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசுப் பள்ளி என்னும் அளவுகோல்

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த நீதியரசர் கலையரசன் குழு 10 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது; 2020இல் 7.5 விழுக்காடு சட்டமாயிற்று. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இவை அனைத்திற்கும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றமையே அடிப்படைத் தகுதியாக வைக்கப்பட்டது. வறுமையை நேரடியாக அளத்தல் அரிதாதலின், பள்ளியின் வகை அதற்குரிய அடையாளமாகக் கொள்ளப்பட்டது எனலாம். மாநிலத்தின் பெரும்பகுதிக்கு இவ்வளவுகோல் பொருந்தும்.

தொழிற்பகுதியின் தனித்தன்மை

தோல் தொழிற்பகுதியின் கல்வி வரலாறு சற்றே வேறானது. தோல் வணிகர்களின் கொடையால் வளர்ந்த கல்விச் சங்கங்கள் இங்குப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவின. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. அரசு உதவிபெறும் பள்ளிகளும் உருதுவழி வகுப்புகளும் இப்பகுதியில் வேரூன்றியவை. எனவே, தோல் பதனிடும் ஆலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் கூலிவேலை செய்வோரின் பிள்ளைகள் உதவிபெறும் பள்ளியில் பயில்வது இங்கு விதிவிலக்கன்று.

2024இல் புதுமைப்பெண் உதவி அரசு உதவிபெறும் பள்ளி மாணவியர்க்கும் விரிவாக்கப்பட்டபோது, தமிழ்வழிக் கல்வி நிபந்தனையாயிற்று. இவ்வரையறையின்படி, ஒரே ஆலைத் தொழிலாளர் இருவரின் மகள்களுள் அரசுப் பள்ளியில் பயின்றவர் தகுதி பெறுவார். உருதுவழி உதவிபெறும் பள்ளியில் பயின்றவர் பெறார். இருவர் வீட்டு வருவாயும் ஒன்றே. வேறுபடுவது பள்ளி மட்டுமே.

தரவுச் சிக்கல்

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பேரணாம்பட்டு வேலூரிலும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரிலும், மேல்விசாரம் இராணிப்பேட்டையிலும் அமைந்தன. ஒரே தொழிலைச் சார்ந்த மக்கள் மூன்று மாவட்டச் சராசரிகளுக்குள் மறைகின்றனர். உயர்கல்விக் கணக்கெடுப்பு பாலினம், சமூகப் பிரிவு முதலியவற்றைத் தொகுக்கிறது. பெற்றோர் தொழிலையும் பள்ளிப் பயிற்றுமொழியையும் தொகுப்பதில்லை. ஆகவே விடுபட்டோரின் எண்ணிக்கை கொள்கை வகுப்போர் பார்வைக்கு வருவதில்லை.

முடிவுரை

உதவிபெறும் பள்ளிகளில் வசதியுள்ளோரும் பயில்வதால், அனைவர்க்கும் உதவியை விரித்தல் தீர்வாகாது என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் அதற்கு விடை பயிற்றுமொழி நிபந்தனையன்று. குடும்ப வருவாயையும் பெற்றோர் தொழிலையும் பள்ளி வகையோடு இணைத்து நோக்கும் வரையறையே ஆகும். வருவாய்ச் சான்று பெறுதல் கூலித் தொழிலாளர்க்கு எளிதன்று என்பதால், அச்சான்றைப் பள்ளி வழியாகவே வழங்கும் முறையும் உடன் தேவைப்படும். வட்ட அளவில் பள்ளி வகை, பயிற்றுமொழி, பெற்றோர் தொழில், பாலினம் ஆகிய நான்கையும் ஒருங்கே பதிவுசெய்யும் கள ஆய்வு பேரணாம்பட்டிலிருந்து தொடங்கப்பெறின், பிற தொழிற்பகுதிகளுக்கும் அது வழிகாட்டும்.