எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல்

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடு. மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை. நம்ம நூலகப் புத்தகங்களும் நனைஞ்சு போச்சு.

பழைய மாணவர்களிடம் கேட்கலாம் என்று டீச்சர் 64 மின்னஞ்சல் முகவரிகள் கொடுத்தார்கள். திண்டிவனம் கம்ப்யூட்டர் சென்டரில் நான்தான் டைப் அடித்தேன். 64-ஐயும் ‘டு’ என்ற இடத்திலேயே போட்டுவிட்டேன். எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் ‘ரிப்ளை ஆல்’ அழுத்த, அதுவும் 64 பேருக்கும் போனது. மறுநாள் ஒரு அக்கா, “யாரோ தெரியாதவர் எனக்கு எழுதுகிறார், என் முகவரியை ஏன் கொடுத்தீங்க?” என்று கேட்டிருந்தார். அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் கற்றேன். ‘சிசி’ என்றால் கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் கிளாஸில் கார்பன் தாள் வைப்பார்களே, அதே பெயர்தான்! ‘பிசிசி’ மறைவான நகல். அதில் போட்டால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது.

சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. காரணம், வேண்டாத விளம்பரம். 1978 மே மாதமே அமெரிக்காவில் கேரி துர்க் என்பவர் கம்ப்யூட்டர் விற்க சுமார் 400 பேருக்கு ஒரே கடிதம் அனுப்பித் திட்டு வாங்கினார்.

மன்னிப்புக் கேட்டு பிசிசியில் மறுபடி அனுப்பினேன். 3 பெட்டிப் புத்தகம் வந்தது. அந்த அக்கா மட்டும் பதில் போடவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி