கோடை விடுமுறையில் இயற்கைப் பாடம்: எலுமிச்சைச் செடியில் ஒரு மாதம்

தென் மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், வட மாநிலங்கள் பலவற்றில் மே நடுவிலிருந்து ஜூன் முடியும் வரையிலும் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. நண்பகலில் வெளியே தலைகாட்ட முடியாத வெப்பம்; புல் காய்ந்து, குளம் வற்றிக் கிடக்கும். இயற்கையைக் கற்பதற்கு இது ஏற்ற பருவமன்று எனப் பெற்றோர் பலர் கருதுவதில் வியப்பில்லை. ஆயினும் நாள்தோறும் நீர் ஊற்றி வளர்க்கப்படும் ஓர் எலுமிச்சைச் செடி கொல்லையிலோ மாடத்துத் தொட்டியிலோ இருக்குமாயின், அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு மாதத்திற்குரிய பாடம் அங்கேயே உள்ளது. எலுமிச்சை இல்லாவிடில் வில்வமோ கறிவேப்பிலையோ போதும்.

வண்ணத்துப் பூச்சியின் வாழ்க்கையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு நிலைகள் உண்டு என்பதைத் தொடக்கப் பள்ளி மாணவரும் ஒப்பிப்பர். அதே மாணவர் இந்நான்கில் ஒன்றையேனும் செடியில் கண்டு இன்னதென்று அறிந்ததுண்டோ என வினவினால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. விடையை முன்னரே பெற்றுவிட்ட குழந்தைக்குத் தேடுவதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. ஆகவே வீட்டில் இதனைத் தொடங்கும் பெரியோர் முதலில் செய்யவேண்டியது, தமக்குத் தெரிந்ததைச் சில நாள் சொல்லாதிருப்பதே. அது எளிதன்று.

இந்தியச் சமவெளி எங்கும் காணப்படும் எலுமிச்சை வண்ணத்துப் பூச்சி, கரிய சிறகுகளில் மஞ்சள் புள்ளிகள் நிறைந்தது. பெண் பூச்சி இளந்தளிர்களில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். வெளிர்மஞ்சள் நிறமுள்ள உருண்டையான அம்முட்டை கடுகினும் சிறியது. மூன்று நான்கு நாட்களில் அதனின்று வெளிப்படும் புழுவுக்கு முட்டையின் ஓடே முதல் உணவு. இளம்புழு கருமையும் பழுப்பும் கலந்து, நடுவே வெண்திட்டுடன் பறவையின் எச்சம் போலவே தோன்றும். இலையைத் துடைக்க வரும் கை அதனையும் சேர்த்துத் துடைத்தெறிவதுண்டு. இரை தேடும் பறவையோ எச்சமென்று எண்ணி விட்டு விலகும். புழு நான்கு முறை தோலுரிக்கும். நான்காம் முறைக்குப் பின் எச்ச வடிவம் மறைந்து, இலையின் பசுமையே அதன் நிறமாகிவிடும். நேற்று வரை இருந்த புழு எங்கே என்று குழந்தை தேடுவது இந்நாளில்தான்.

பசும்புழுவை மெல்லிய குச்சியால் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் நிறக் கவை ஒன்று வெளிநீண்டு கடும் நெடி வீசும். பகைவரை விரட்டும் கருவி அது. கையைக் கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. ஒருமுறை காண்பது போதும். அடிக்கடி சீண்டினால் புழு இரையெடுக்காது.

புழுவை வீட்டினுள் வைத்து வளர்க்க, அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடியும் அதன் வாயில் கட்டக் கொசுவலைத் துண்டும் வேண்டும். தளிருள்ள கிளையை நீர் நிறைந்த சிறு சீசாவில் செருகி, சீசாவின் வாயைப் பஞ்சால் அடைக்கவேண்டும். அடைக்காவிடில் புழு இறங்கி நீரில் மூழ்கிவிடும். காலைதோறும் இலை மாற்றுதலும் எச்சத்தை அகற்றுதலும் குழந்தையின் பொறுப்பாகட்டும். வெயில் படும் சன்னலில் ஜாடியை வைத்தலாகாது. பூச்சிமருந்து தெளித்த இலை ஒன்றே அனைத்தையும் கெடுத்துவிடும். ஏறத்தாழ இரு வாரங்களில் புழு இரையை நிறுத்தி, ஒரு குச்சியில் பட்டிழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பசுங்கிளையில் அமைந்தால் கூடு பச்சையாகவும், உலர்ந்த குச்சியில் அமைந்தால் பழுப்பாகவும் பெரும்பாலும் இருக்கும். இரு வகைக் குச்சிகளையும் வைத்துப் பார்த்தால் அதுவே ஒரு சோதனை. ஒரு வாரத்திற்குச் சற்று மேலாகக் கூடு அசைவற்றிருந்து, இறுதியில் கருமையடையும். பெரும்பாலும் மறுநாள் காலையில் பூச்சி வெளிவரும். கசங்கிய சிறகுகள் விரிந்து உலர்வதற்கு இடம் வேண்டுமாதலின், அவ்வேளையில் ஜாடியை அசைக்கவோ உதவ முற்படவோ கூடாது.

சிலவேளை பூச்சிக்குப் பதிலாகக் கூட்டில் ஒரு சிறு துளை தோன்றி, அதன் வழியே நுண்ணிய குளவிகள் பல வெளிவரும். குழந்தைக்கு அது பெரும் ஏமாற்றமே. பெரியோர் சிலர் குழந்தை காணுமுன் ஜாடியைக் கழுவி வைத்துவிடுவர், அது தவறு. தாய்க்குளவி இட்ட முட்டைகளினின்று தோன்றிய புழுக்கள் கூட்டுப்புழுவை உட்புறமே தின்று வளர்ந்தன என்பதை உள்ளவாறே சொல்லுதல் வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு நாற்றங்கால்களில் இதே பச்சைப்புழு இளங்கன்றுகளை மொட்டையாக்கும் என்பதைக் களப்பணியாளர் நன்கறிவர். வீட்டில் விரும்பி வளர்த்ததைத் தோட்டக்காரர் பொறுக்கிக் கொல்வதையும், அவருக்கு அக்குளவி நண்பன் என்பதையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கப் பத்து வயதுக் குழந்தையால் முடியும். 'புழு நல்லதா, கெட்டதா?' என்று அது கேட்டால், 'எங்கே, எத்தனை?' என்று திருப்பிக் கேட்பதே தக்க விடை.

செடியே இல்லாத வீடுகளிலும் வழியுண்டு. தாழ்வாரத்து ஓரத்தின் உலர்ந்த மண்ணில் குழியானை தோண்டும் புனல் போன்ற குழிகளைக் காணலாம். சரியும் மணலில் எறும்பு எவ்வாறு சிக்குகிறது என்பதை அரைமணி நேரம் அமர்ந்து நோக்கலாம். அடுக்குமாடி வீட்டில் மேல்தளத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலைக் குறித்து வரலாம். பெங்களூரில் ஏப்ரல் 24 அளவிலும், ஐதராபாத்தில் மே 9 அளவிலும், மும்பையில் மே 15 அளவிலும் அந்நிழல் சிறிது நேரம் கோலடியிலேயே ஒடுங்கிவிடும். கடகரேகைக்கு வடக்கேயுள்ள தில்லியில் ஒருநாளும் அவ்வாறு நிகழாது. ஜூன் 21 அளவில் நிழல் மிகக் குறுகும், அவ்வளவே. நிழலையே நோக்கவேண்டும், சூரியனை நோக்கலாகாது.

வீட்டருகே நோக்கியதைக் குறித்து வைப்பது சிறுபிள்ளை விளையாட்டன்று. வங்கத்தின் கோபால் சந்திர பட்டாச்சார்யா (1895–1981) கிராமப் பள்ளி ஆசிரியராயிருந்தவர். அழுகும் தாவரங்களினின்று இரவில் எழும் ஒளியைத் தாமே கண்டு எழுதிய கட்டுரை ஜகதீச சந்திர போஸின் கவனத்தை ஈர்த்தது. 1921-இல் கல்கத்தாவிலுள்ள போஸ் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்து, எறும்பு, சிலந்தி முதலியவற்றின் பழக்கங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார்.

குழந்தையின் குறிப்பேட்டில் நாள், வேளை, கண்டது, கருதியது என நான்கு பத்திகள் போதும். 'புழு அசையவில்லை' என்பது கண்டது. 'புழு தூங்குகிறது' என்பது கருதியது. இவ்விரண்டையும் பிரித்தெழுதக் குழந்தைக்கு ஒரு வாரமாகும். பெரியோர் சிலருக்கு அதனினும் மிகுதியாகும். பள்ளி திறந்ததும் ஆசிரியர் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்போது, படத்தின் அழகுக்கு மதிப்பெண் இடவேண்டாம். கூட்டுப்புழு அசைவற்றிருந்த நாட்களின் பக்கங்களைப் புரட்டவேண்டும். அங்கே 'இன்று மாற்றம் இல்லை' என்று நாள்தோறும் எழுதியிருந்தால், அக்குழந்தை நாள்தோறும் சென்று பார்த்திருக்கிறது.