உடன்வரும் இசைக்கருவி

நுழையும்முன்

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் எல்லாப் பொருள்களையும் உடன் கொண்டுசெல்ல இயலாது. அத்தகைய குடும்பத்துக் குழந்தைகள் இசை பயில ஏற்ற சிறிய கருவி எது? அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? எவ்வாறு சுருதி சேர்ப்பது? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

1. கட்டிலின் அடியில் கிடந்த கருவி

செகந்தராபாத்தை ஒட்டிய லோத்குண்டாவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு ஏழாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி, பள்ளி ஆண்டுவிழாவில் தமிழ்ப் பாடல் ஒன்றை இசைக்க விரும்பினாள். அவளுடைய தந்தைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாறுதல் வரும். வீணை போன்ற பெரிய கருவியை ஒவ்வோர் ஊருக்கும் கொண்டுசெல்வது கடினம் எனக் கருதிய பெற்றோர், புல்புல்தாரா ஒன்றை வாங்கித் தந்தனர். பளபளக்கும் வண்ணமும் பூவேலைப்பாடும் அவளைக் கவர்ந்தன. ஆனால், ஒரு மாதம் முயன்றும் எந்தப் பாடலும் இனிமையாக ஒலிக்கவில்லை. "எனக்கு இசை வராது" என்று கூறிய சிறுமி, கருவியைக் கட்டிலின் அடியில் தள்ளிவிட்டாள்.

கோடை விடுமுறையில் செங்கல்பட்டிலிருந்து தாத்தா வந்தார். இளமையில் பஜனைக் குழுவில் புல்புல்தாரா வாசித்தவர் அவர். கருவியைத் துடைத்து மடிமீது வைத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மூன்று கட்டைகள் அழுந்தியபடியே நின்றன. கம்பியை முறுக்கினால் பிருடை நழுவியது.

"குறை உன்னிடம் இல்லை, கண்ணு. இந்தக் கருவியில் யார் வாசித்தாலும் சுருதி சேராது" என்றார் தாத்தா.

சிறுமி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்படியென்றால் நல்ல கருவியை எப்படிக் கண்டுபிடிப்பது, தாத்தா?" என்று கேட்டாள்.

2. கருவி கடந்துவந்த பாதை

புல்புல்தாராவை இந்தியாவின் பல பகுதிகளில் 'பாஞ்சோ' என்றே அழைக்கின்றனர். எனினும், மேலைநாட்டுப் பாஞ்சோ வேறு கருவியாகும். அதன் முன்னோடிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றின. அங்குள்ள மக்கள் சுரைக்குடுக்கையின்மீது தோலைப் போர்த்தி நரம்பு கட்டி மீட்டினர். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட அம்மக்கள், கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அக்கருவியைத் தம் நினைவிலிருந்து மீண்டும் உருவாக்கினர். அதன் வழிவந்ததே பாஞ்சோ.

புல்புல்தாராவின் மூலம் ஜப்பான் நாட்டில் உள்ளது. 1912-ஆம் ஆண்டில் நகோயா நகரில் கோரோ மொரிட்டா என்பவர் 'தைஷோகோத்தோ' என்னும் கருவியை உருவாக்கினார். தட்டச்சுப்பொறியில் இருப்பவை போன்ற கட்டைகளை அவர் அதில் அமைத்தார். அது இந்தியாவிற்கு வந்து புல்புல்தாரா ஆயிற்று.

சிறு கருவியைச் சுமந்து ஊர்தோறும் செல்லும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. பழந்தமிழ்ப் பாணர் யாழுடன் பயணம் செய்தனர். ஏழு நரம்புகள் கொண்ட சிறிய யாழ் 'சீறியாழ்' எனப்பட்டது. இருபத்தொரு நரம்புகள் கொண்டது 'பேரியாழ்' எனப்பட்டது. யாழின் பத்தர்மீதும் தோலே போர்த்தப்பட்டது. தெலங்கானாவில் இன்றும் கின்னரக் கலைஞர்கள் கதைப்பாடல்களைப் பாடி வருகின்றனர். பன்னிரண்டு மெட்டுகள் கொண்ட கின்னரத்தை இசைக்கும் தர்சனம் மொகிலய்யாவுக்கு 2022-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வீணையின் தண்டிமீது உள்ள மெட்டுகளையும் நாம் அதே சொல்லால் குறிக்கிறோம் அல்லவா?

3. தேர்ந்தெடுக்கும் முறை

தாத்தாவும் பேத்தியும் இசைக்கருவிக் கடைக்குச் சென்றனர். இம்முறை சிறுமி வண்ணத்தைப் பார்க்கவில்லை. தாத்தா கூறியவாறு நான்கினைச் சோதித்தாள்.

முதலாவது, பெட்டி. மரத்தில் விரிசல் இருத்தல் கூடாது. விரலால் தட்டும்போது உள்ளே எதுவும் தளர்ந்து அதிரக்கூடாது.

இரண்டாவது, கட்டைகள். ஒவ்வொன்றையும் அழுத்தி விட்டவுடன் அது தானே மேலெழ வேண்டும்.

மூன்றாவது, பிருடைகள். கம்பியை முறுக்கி நிறுத்திய இடத்தில் அவை நிற்க வேண்டும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் மீட்டினால் அதே ஒலி எழ வேண்டும்.

நான்காவது, கம்பியின் உயரம். கம்பி மிக உயரத்தில் இருந்தால் கட்டையை அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். மிகத் தாழ்ந்திருந்தால் அது கட்டையின் தகட்டில் உரசி இரையும்.

முதலில் எடுத்த கருவி மிக அழகியது. ஆனால், அதன் இரண்டு கட்டைகள் இரைந்தன. ஐந்தாவதாக எடுத்தது எளிய பழுப்புநிறக் கருவி. நான்கு சோதனைகளிலும் அதுவே தேறியது. மாற்றுக் கம்பிகள் ஒரு தொகுதியையும் உடன் வாங்கினர்.

4. சுருதி சேர்க்கும் முறை

முதலில் பாடுபவரின் குரலுக்கேற்ற சுருதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறுவர் சிறுமியர் பலருக்கு ஐந்து கட்டைச் சுருதி பொருந்தும். சிறிய கருவியில் கம்பியின் நீளம் குறைவு. அதனை மிகத் தாழ்ந்த சுருதிக்கு இறக்கினால் கம்பி தளர்ந்து ஒலி மங்கும். ஆகவே, சிறு கருவிக்குச் சற்று உயர்ந்த சுருதியே ஏற்றது.

சுருதிப்பெட்டியையோ கைப்பேசிச் செயலியையோ கொண்டு ஒரு கம்பியை ஷட்ஜத்தில் நிறுத்த வேண்டும். பின்பு, பாடலை இசைக்கும் மற்றொரு கம்பியையும் அதே ஒலிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் நெருங்கிவந்தும் ஒன்றாதபோது, ஒலி ஏறி இறங்கி அலைபோல் கேட்கும். இதற்கு விம்மல் என்று பெயர். இரு ஒலிகளும் நெருங்க நெருங்க விம்மலின் வேகம் குறையும். முழுதும் ஒன்றியபின் அது மறையும். அதன்பின், துணைக்கம்பிகளை ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் சேர்க்க வேண்டும்.

கட்டைகள் உரிய இடத்தில் உள்ளனவா என்பதையும் அறியலாம். கணக்கிற்கு எளிதாகக் கம்பியின் நீளம் 48 செ.மீ. எனக் கொள்வோம். ஒலிக்கும் நீளத்தை 36 செ.மீ. ஆக்கினால் மத்திமமும், 32 செ.மீ. ஆக்கினால் பஞ்சமமும், சரிபாதியான 24 செ.மீ. ஆக்கினால் மேல் ஷட்ஜமும் எழும். கம்பியின் நடுப்பகுதியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டினாலும் மேல் ஷட்ஜமே கேட்கும். மேல் ஷட்ஜக் கட்டையின் ஒலியை இதனோடு ஒப்பிட வேண்டும். கட்டையின் ஒலி கூடியிருந்தால், நகர்த்தக்கூடிய குதிரையைச் சற்று அப்பால் நகர்த்திக் கம்பியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். ஒலி குறைந்திருந்தால் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

"புதுக்கம்பி சில நாள்கள் நீண்டுகொண்டே இருக்கும். சுருதி இறங்குகிறதே என்று கலங்காதே, நாள்தோறும் சேர்த்துக்கொள்" என்று தாத்தா கூறினார். முதல் நாள் சுருதி சேர்க்க அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு வாரங்களில் ஐந்து நிமிடங்கள் போதுமானவையாயின.

5. பயணம்

ஆண்டுவிழாவிற்கு முன்பே தந்தைக்கு விசாகப்பட்டினத்திற்கு இடமாறுதல் ஆணை வந்தது. சிறுமி அழுதாள். பின்னர், தாத்தா கற்பித்தவாறு கம்பிகளைச் சிறிதளவு தளர்த்தினாள். கட்டைகள் அசையாதிருக்க அவற்றின்மீது மென்துணியை மடித்து வைத்து, கருவியைப் பெட்டியில் இட்டாள். வண்டியில் வெயில்படும் சன்னலோரத்தில் வைக்காமல் தன் அருகிலேயே வைத்துக்கொண்டாள்.

புதிய ஊரில் கடற்காற்றின் ஈரம் மிகுதி. ஈரத்தில் மரம் சற்றே உப்பும்; கம்பியில் துரு ஏறும். ஆகவே, வாசித்து முடித்தபின் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்கும் வழக்கத்தை அவள் மேற்கொண்டாள்.

அவ்வீட்டில் முதல் மாலை, சுருதி சேர்த்துத் தரத் தாத்தா அருகில் இல்லை. சிறுமி தானே பிருடையைத் திருகினாள். விம்மல் மெல்ல மெல்ல அடங்கி மறைந்தது. லோத்குண்டாப் பள்ளியில் இசைக்க எண்ணியிருந்த பாடலை அவள் வாசிக்கத் தொடங்கினாள். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அவள் வயதுச் சிறுமி ஒருத்தி வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லும் பொருளும்

பிருடை – கம்பியை முறுக்கும் திருகு
குதிரை – கம்பியைத் தாங்கி நிற்கும் சிறு தாங்கி
பத்தர் – யாழின் ஒலிக்கூடு
விம்மல் – நெருங்கிய இரு ஒலிகள் சேரும்போது எழும் ஏற்ற இறக்கம்

வினாக்கள்

1. சீறியாழும் பேரியாழும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. சிறுமி தன்னிடம் குறை இருப்பதாக எண்ணியது ஏன்? உண்மையான காரணம் யாது?
3. கம்பியின் நீளம் 60 செ.மீ. எனில், மேல் ஷட்ஜத்திற்கும் பஞ்சமத்திற்கும் உரிய நீளங்களைக் கணக்கிடுக.
4. அடுத்த வீட்டுச் சிறுமி புல்புல்தாரா வாங்க விரும்புகிறாள். அவளுக்கு நீ கூறும் அறிவுரையை ஐந்து தொடர்களில் எழுதுக.

செயல்பாடு

உன் குடும்பம் சொந்த ஊரிலிருந்து உடன் கொண்டுவந்த பழைய பொருள் ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.