யந்திரம் தானாக அறுப்பதில்லை

ரோபோவைக் கொண்டு செய்யும் சஸ்திர சிகிச்சையைப் பற்றி ஜனங்களிடையே உலவும் வதந்திகளுள் ஒன்றை மட்டும், எத்தனை முறை மறுத்துச் சொன்னாலும், மறுபடியும் மறுபடியும் கேட்க நேர்கிறது: டாக்டர் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்து போய்விடுவார், அதற்குமேல் வெட்டுவதும் தைப்பதும் யந்திரத்தின் பொறுப்பு என்பதே அது. “ஏன் டாக்டர், நீங்க பக்கத்துலயே இருப்பீங்கல்ல? மிஷின் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே போயிடாதே?” என்று நோயாளியின் மனைவி கலக்கத்தோடு கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, கட்டிய கணவனின் வயிற்றைப் பற்றிய கேள்வி அது, அவர் பயப்படுவது நியாயம். ஆனால் படித்தவர்களும், சில சமயங்களில் வைத்தியத் துறையிலேயே இருப்பவர்களும், சிலர் பயமுறுத்துவதற்காகவும் சிலர் பெருமை பேசுவதற்காகவும் இதே பேச்சைப் பரப்புவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மனிதர் ஒருவரும் இல்லாத அறையில் யந்திரக் கைகள் மாத்திரம் நோயாளியின்மீது கவிந்து நிற்பதாக விளம்பரப் படம் போடும் ஆஸ்பத்திரிகளுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

விஷயம் இதுதான். வயிறு, இடுப்புக்கூடு, மார்பு ஆகிய இடங்களில் உள்ள மென்மையான அவயவங்களின் சிகிச்சைக்கு இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவதும், 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றதுமான டாவின்சி யந்திரம், தானாக ஒரு நூலிழை அளவுகூட அறுப்பதில்லை. அதற்கு மூன்று பாகங்கள்: சஸ்திர வைத்தியர் அமர்ந்து இயக்கும் கன்சோல், நோயாளியின் அருகே நிற்கும், கைகள் பொருத்திய வண்டி, படத்தைச் செப்பம் செய்து அனுப்பும் காட்சிக் கோபுரம். கன்சோலில் இருப்பவரின் விரல்கள் அசைந்தால் உள்ளே கருவி அசையும்; விரல்கள் நின்றால் கருவியும் நிற்கும். எங்கே வெட்டுவது, எந்த நரம்பை விலக்குவது, எந்த இரத்தக் குழாயை எப்போது கட்டுவது என்பவற்றில் அந்த யந்திரத்துக்கு எவ்வித அபிப்பிராயமும் கிடையாது.

அப்படியானால் யந்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அதற்கு முந்திய முறையின் சங்கடத்தை முதலில் சொல்ல வேண்டும். லாப்ராஸ்கோபியில் வயிற்றுச் சுவரில் இட்ட சிறு துளையின் வழியாக நீண்ட கருவிகளை நுழைத்து வேலை செய்கிறோம். துளையே நெம்புமையம் ஆகிவிடுவதால், ஏற்றத்தின் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதைப்போல, வெளியே கை வலப்புறம் போனால் உள்ளே நுனி இடப்புறம் போகிறது. அந்த நேரான கருவிக்கு மணிக்கட்டும் இல்லை. இந்த விபரீத அசைவைக் கையும் மூளையும் பழகிக்கொள்ள வருஷங்கள் ஆகின்றன. டாவின்சியின் கணக்குப்பொறி இந்தத் தலைகீழ் அசைவை நேராக்கித் தருகிறது. கருவியின் நுனியில் மணிக்கட்டைப் போலவே வளைந்து திரும்பும் மூட்டு ஒன்றும் இருக்கிறது. யந்திரக் கை எப்படிச் சுழன்றாலும் துளை இருக்கும் புள்ளி மாத்திரம் இடம் பெயராதபடி பார்த்துக்கொள்வதால் வயிற்றுச் சுவர் இழுபட்டுக் காயப்படுவதும் குறைகிறது. மனிதக் கையில், எவ்வளவு உறுதியான கையானாலும், வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரையில் ஒரு சூக்ஷ்மமான நடுக்கம் இயல்பாகவே உண்டு. அதை யந்திரம் வடிகட்டிவிடுகிறது. அளவைக் குறைத்துக் கொடுக்கும்படி அமைத்துக்கொண்டால் வெளியே கை மூன்று சென்டிமீட்டர் போக உள்ளே நுனி ஒரு சென்டிமீட்டர்தான் போகும். செம்மைப்படுத்துவது யந்திரத்தின் காரியம், தீர்மானிப்பது மனிதனின் காரியம் என்ற இந்த வரம்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டவர்கள் வதந்தியைத் தாமே உதறிவிடுவார்கள்.

கேமராவின் கதையில் இது இன்னும் தெளிவாக விளங்கும். லாப்ராஸ்கோபியில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் ஓர் இளம் டாக்டர். இரண்டு மணி நேரம் ஆனதும் அவர் தோள் தளரும், படம் சாயும், கண்ணாடி நுனி கொழுப்பில் பட்டு மங்கும், வேலை செய்பவர் பார்க்க விரும்பும் இடம் ஒன்றாகவும் திரையில் தெரியும் இடம் வேறாகவும் இருக்கும். இந்த அவஸ்தையை நீக்குவதற்காகத்தான் கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனம் ஈசாப் என்ற கேமரா தாங்கும் யந்திரக் கையைச் செய்து 1994-இல் அனுமதி பெற்றது. இரண்டு வருஷங்களில் அது வைத்தியரின் வாய்மொழிக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து மேலும் கீழும் நகரலாயிற்று. கேமராவைத் தாங்குவதற்கு யந்திரம் வந்த பிறகும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒரு மனிதக் குரல் வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

டாவின்சியில் குரலுக்குப் பதிலாகக் கால். கன்சோலுக்குக் கீழே வரிசையாக மிதிகள் உண்டு. மிதிகளின் விளிம்பைத் தொட்டு அறிய வேண்டும் என்பதற்காகவே எங்களில் பலர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறோம். கேமராவின் மிதியை அமுக்கிய கணத்தில் கருவிகள் எல்லாம் இருந்த நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. அதுவரை கருவிகளை நடத்திய இரு கைகளும் இப்போது காட்சியையே பிடித்து இழுத்துத் திருப்புகின்றன. மிதியை விட்டதும் கேமரா நிலைத்து, கைகள் மறுபடியும் கருவிகளுக்குத் திரும்புகின்றன. கைகள் ஓரத்துக்குப் போய் இடிக்கும்போது கிளட்ச் மிதியை அமுக்கி, கருவியை அசைக்காமல் கைகளை மாத்திரம் வசதியான இடத்துக்குக் கொண்டுவருகிறோம். கேமரா எந்தக் கோணத்தில் திரும்பினாலும் படத்தில் வலப்புறம் என்பது கைக்கும் வலப்புறமாகவே இருக்கும்படி கணக்குப்பொறி உடனுக்குடன் திசையைச் சரிசெய்து கொடுக்கிறது. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் வருவதால் ஆழம் தெரிகிறது. பத்து மடங்கு வரையில் பெரிதாகவும் தெரிகிறது.

வதந்தியை நம்புகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இனிமேல் வருவது. முகத்தைப் பதித்துப் பார்க்கும் இடத்தில் ஓர் அகச்சிவப்பு உணர்கருவி இருக்கிறது. வைத்தியர் தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்தாலும், பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசத் திரும்பினாலும், கருவிகள் அத்தனையும் அந்த க்ஷணமே பூட்டிக்கொள்கின்றன. திரும்பி வந்து தலையைப் பதித்தால் மட்டும் போதாது. உள்ளே கருவியின் தாடைகள் எந்தக் கோணத்தில், எவ்வளவு திறந்து நிற்கின்றனவோ அதற்கு இசைய விரல்களைக் கொண்டுவந்து பொருத்திய பிறகே யந்திரம் அவரை ஏற்றுக்கொள்ளும். எழுந்து போனவரின் வேலையைத் தொடர்ந்து செய்யும் யந்திரம் என்று எதைத் தூற்றுகிறார்களோ, அது எழுந்து போவதையே அனுமதிக்காத யந்திரம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேடையேறிப் பேசுகிறவர்களை என்னவென்று சொல்வது?

தானாக இயங்கும் யந்திரமே உலகத்தில் இல்லையா என்றால், உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. 1992-இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு முதன்முதலாகப் பயன்பட்ட ரோபோடாக் என்னும் யந்திரம், சி.டி. படத்தைக் கொண்டு முன்னரே வகுத்த திட்டப்படி தொடை எலும்பைத் தானே குடைந்து இடுப்பு மூட்டுக்கு இடம் செய்தது. எலும்பு கெட்டிப் பொருள். இறுக்கிக் கட்டி வைத்தால் நகராது, உருவமும் மாறாது. குடலோ தொட்டால் நெளியும், மூச்சுக்கு மூச்சு அசையும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் ஸ்டார் என்ற யந்திரம் பன்றிகளின் குடலைப் பெரும்பாலும் தானாகவே இணைத்துத் தைத்ததாக 2022-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது உண்மை. அங்கும் மனிதர் மேற்பார்வை இருந்தது. ஆராய்ச்சிசாலையில் பன்றிக்கு நடந்ததை நம்முடைய ஊர் ஆஸ்பத்திரியில் நாளைக்கு நடக்கப்போகும் ஆபரேஷனோடு குழப்புவது அறியாமை.

மற்ற வதந்திகள் இவ்வளவு விரிவுக்குத் தகுதியானவை அல்ல. டாக்டர் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இங்கே அறுப்பார் என்கிறார்கள். 2001 செப்டம்பர் 7-ஆம் தேதி ழாக் மாரெஸ்கோ என்ற சஸ்திர வைத்தியர் நியூயார்க்கில் அமர்ந்து, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த ஒரு மாதின் பித்தப்பையை ஜீயஸ் என்ற யந்திரத்தின் மூலம் அகற்றியது சரித்திரம். கை அசைவுக்கும் திரையில் அதன் பலன் தெரிவதற்கும் இடையே ஏறக்குறைய 155 மில்லிவினாடி தாமதம் இருந்தது. நோயாளியின் பக்கத்தில் வைத்தியர்கள் ஆயத்தமாக நின்றார்கள். அது தூரத்தை வென்று காட்டிய பரீக்ஷை. வழக்கமான ரோபோ சிகிச்சையில் கன்சோல், நோயாளி கிடக்கும் மேஜையிலிருந்து சில அடி தூரத்தில், அதே அறையில்தான் இருக்கிறது.

மின்சாரம் போனால் கதி என்ன என்பது இன்னொன்று. நோயாளியின் பக்கத்து வண்டிக்குச் சொந்த மின்கலம் உண்டு. அதுவும் கைவிட்டால், தாடைகளைக் கையால் திறந்து கருவியை வெளியே எடுப்பதற்கென்றே ஒரு சாவி உண்டு. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரும் இருக்கிறது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

யந்திரத்துக்கு எல்லாம் தெரியும், கேமராவின் கண்ணுக்குத் தப்புவது ஒன்றுமில்லை என்ற எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை இவற்றைவிட ஆபத்தானது. கேமரா, காட்டிய இடத்தை மட்டுமே பார்க்கும். மூன்றாவது கருவி ஒன்று ஓர் அவயவத்தைப் பிடித்தபடி காட்சிக்கு வெளியே நின்றால், அது அழுத்துகிறதா கிழிக்கிறதா என்பதைத் திரை சொல்லாது. ஸ்பரிசமும் சொல்லாது, ஏனெனில் நீண்ட காலம் இந்த யந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொடுவுணர்ச்சியே இருந்ததில்லை. தையல் நூல் எவ்வளவு இறுகியது என்பதை, திசு வெளுப்பதையும் குழிவதையும் கண்ணால் பார்த்து ஊகிக்கப் பழகுகிறோம். 2024-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஐந்தாவது டாவின்சியில்தான் விசையை விரலுக்கு உணர்த்தும் கருவிகள் வந்தன.

ரோபோவால் செய்தால் பலன் நிச்சயம் உயர்வு என்று விலையைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்களும் சற்று நிதானிக்க வேண்டும். மலக்குடல் புற்றுநோய்க்குப் பத்து நாடுகளில் 471 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ரோலார் ஆராய்ச்சியில், பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் லாப்ராஸ்கோபியில் நூற்றுக்கு 12.2, ரோபோவில் 8.1, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடும் என்பதே புள்ளியியலின் தீர்ப்பு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக லாப்ராஸ்கோபி அல்லது ரோபோ மூலம் கர்ப்பப்பையை விரிவாக அகற்றிய பெண்களில் நான்கரை வருஷத்துக்குப் பின் நோயின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 86, வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 என்று 2018-இல் வந்த முடிவு எங்கள் துறையையே உலுக்கியது. சிறு துளை என்பதற்காகவே சிறந்த சிகிச்சை ஆகிவிடாது.

ஆகவே நோயாளியின் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யந்திரம் எந்த மாதிரி, எத்தனை கோடி என்று விசாரிப்பதை விட்டு, கன்சோலில் உட்காருபவர் யார், இதே ஆபரேஷனை இந்த யந்திரத்தில் எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். அத்துடன் நிறுத்திவிடாமல், நோயாளியின் பக்கத்தில் நிற்கப்போகிறவர் யார் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை என்பதே என்னுடைய நெடுநாள் ஆதங்கம். கருவிகளை மாற்றுவதும், இரத்தத்தை உறிஞ்சுவதும், மங்கிய கேமரா நுனியைத் துடைத்துத் திரும்பச் செலுத்துவதும், யந்திரக் கைகள் ஒன்றோடொன்று மோதாமல் கவனிப்பதும் அவர் வேலை. பெரிய இரத்தக் குழாய் ஒன்று அறுபட்டுவிட்டால், கன்சோலில் இருப்பவர் எழுந்து, கையைக் கழுவி, கவுனும் கையுறையும் மாட்டிக்கொண்டு மேஜைக்கு வருவதற்குள், யந்திரக் கைகளைக் கழற்றி விலக்கி, வயிற்றைத் திறந்து, விரலால் அந்தக் குழாயை அமுக்கிப் பிடிக்க வேண்டியவர் அவரே. அந்த இடத்தில் வயிற்றைத் திறந்து பழகாத ஒருவரை, ஆள் பற்றாக்குறை என்று சொல்லி நிறுத்துவதை நான் ஒப்பவே மாட்டேன்.

2022-இல் சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனைக்கு ரோபோ வந்தபோது, ஏழைகளுக்கும் இந்த வசதி எட்டியதே என்று மனப்பூர்வமாக மகிழ்ந்தேன். யந்திரம் வாங்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், அரசாங்கத்தைச் சேர்ந்ததானாலும் தனியாருடையதானாலும், மேல்படிப்பு மாணவர்களுக்குத் திறந்த வயிற்றுச் சிகிச்சையின் பயிற்சியைக் குறைக்காமல் காக்க வேண்டும்; சம்மதப் பத்திரத்தில் கன்சோல் வைத்தியரின் பெயரோடு மேஜையருகே நிற்கும் வைத்தியரின் பெயரும் தகுதியும் எழுதப்பட வேண்டும். அந்தப் பத்திரம் உங்கள் கைக்கு வரும்போது இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது இடம் காலியாக இருந்தால், அதை நிரப்பச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.